சனிக்கிழமை இரண்டு மணிக்கு

லாயிட் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தான். அன்று மத்தியானத்துக்குள்ளாகவே அவன் மனைவி ஜெனீவாவுக்குச் சனிக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. இப்படியா ஒருத்திக்கு நினைவு வரும் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. வந்தது போகவும் இல்லை.

சாயங்காலம் பாஸ்டர் வெண்ட் வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, அடக்கத்தைச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். லாயிட்டின் தம்பி தொலைவில் ஓரிகன் மாநிலத்திலிருந்து வெள்ளிக்கிழமை இரவுதான் வந்து சேர்வான், திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே சனிக்கிழமை. காலை ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அக்டோபர் மாதத்தில் டார்வெல் ஊரில் யார் இறந்தாலும் காலையில்தான் அடக்கம். பனி உலராமல் மக்காச்சோள வயலில் அறுவடை இயந்திரம் இறங்காது. அந்த வீணாய்ப்போகிற காலைப் பொழுதில் ஒரு மனிதனை மண்ணில் வைத்து, தேவாலயத்தின் அடித்தள அறையில் பெண்கள் போட்டுத் தரும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்தப் பக்கம் முழுவதுமே அப்படித்தான்.

அதே சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நாற்பது மைலுக்கு அப்பால் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் மகள் டெஸ்ஸாவுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு.

ஜெனீவா பாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

லாயிட்டுக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தது மார்ச் மாதம். ஏப்ரலில் பள்ளிக்கூடத்தின் வழிகாட்டி ஆசிரியை மிஸஸ் ப்ரூயிட் டெஸ்ஸாவைக் கூப்பிட்டு, நல்ல மனத்தோடுதான், அப்பாவின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னாள். உதவித்தொகைக் குழுக்காரர்கள் அப்படிப்பட்ட கட்டுரைகளை மறக்க மாட்டார்கள் என்றாள். டெஸ்ஸா வீட்டுக்கு வந்து புத்தகப் பையை மூலையில் எறிந்தாள்.

"அப்பாவ வித்துப் படிக்கச் சொல்றாங்க. நான் எழுத மாட்டேன்."

லாயிட் சாய்வு நாற்காலியில் இருந்தான். சிரித்துக்கொண்டே, இந்தக் கெட்டுப்போன ஈரலுக்கு எவன் விலை தரப்போகிறான் என்றான். ஆனால் அந்த வார்த்தை அவனுக்குள் தைத்திருக்க வேண்டும். மறுநாளே மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தான். கட்டுரை கேட்காத, நேர்காணல் கேட்காத, யாருடைய கண்ணீரையும் கேட்காத பல்கலைக்கழகங்கள். பள்ளி மதிப்பெண் சராசரி இவ்வளவு, நுழைவுத் தேர்வில் இவ்வளவு என்றால் உதவித்தொகை இவ்வளவு என்று அட்டவணையாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிற இடங்கள். அப்படியும் உண்டு என்று அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

லாயிட் தானியக் கிடங்கில் எடைமேடைக்காரன். லாரி மேடையில் ஏறும். நீளக் குழாயை விட்டுத் தானியத்தில் மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்ப்பான். பலகையில் உள்ள கட்டத்தைப் பார்த்து ஈரத்துக்குத் தகுந்த விலையைச் சொல்வான். வண்டிக்காரனின் கஷ்டம் எதுவும் அந்தக் கட்டத்துக்குள் வராது. அதனாலேயே இந்தக் கட்டங்கள் அவனுக்குப் பிடித்துப்போயின. மாத்திரை அவனைத் தூங்க வைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதே வேலை. சீக்கிரமே அதில் கைதேர்ந்துவிட்டான்.

"'அதிகபட்சம் இவ்வளவு'ன்னு போட்டிருந்தா அந்தப் பக்கத்த மூடிடு," என்பான் டெஸ்ஸாவிடம். "'பரிசீலிப்போம்'னு இருந்தாலும் மூடிடு. 'வழங்கப்படும்'னு எவன் எழுதியிருக்கான், அத மட்டும் பாரு."

அப்படிச் சலித்துச் சலித்து மிஞ்சியது இரண்டு மாநிலம் தள்ளித் தெற்கே இருந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அதன் பெயர் நீளமாக இருந்ததால் வீட்டில் எல்லோரும் அதைத் 'தெற்கு' என்றே சொன்னார்கள். தெற்கில் பொறியியல் இருந்தது. டெஸ்ஸாவின் சராசரிக்கு, தேர்வில் முப்பத்தாறுக்கு இருபத்தொன்பது வாங்கினால் நான்கு வருஷமும் கல்விக் கட்டணம் கிடையாது. செப்டம்பரில் அவள் தேர்வு எழுதினாள். இருபத்தொன்பது வந்தது.

அன்று லாயிட் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கேட்டு வாங்கி, இரண்டு கரண்டி தின்றான். பிறகு கிடங்குக்குப் போன் போட்டு, லாரிகளோடு பேசுகிற ரேடியோவில் தன்னை இணைக்கச் சொன்னான். தன் மகள் இனாமாகப் படிக்கப் போகிறாள் என்று எல்லா லாரிகளுக்கும், எல்லா வயல்களுக்கும் சொன்னான். ரேடியோவில் ஆரன் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஜெனீவா விண்ணப்பத்தை முடிப்பதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கட்டம் மாறியிருந்தது. இருபத்தொன்பதுக்குப் பாதிக் கட்டணம்தான். முழுதும் வேண்டுமென்றால் முப்பது. முதலில் வேறு ஏதோ பக்கத்துக்குப் போய்விட்டோம் என்று நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. இத்தனை மாதமாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது போன வருஷம் சேர்ந்தவர்களுக்கான கட்டம். புதியது வருகிறவரை பழையதை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். அதன் தலைமேலேயே வருஷம் போட்டிருந்தது. தினமும் காலையில் கிடங்குப் பலகையில் பழைய விலையை அழித்துப் புதிய விலை எழுதுகிறவன், இந்தக் கட்டத்தின் வருஷத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறான்.

அடுத்த அறையில் லாயிட் இருமிக்கொண்டிருந்தான். அவள் மடிக்கணினியை மூடினாள். அவனிடம் சொல்லவில்லை. டெஸ்ஸாவிடம் காரில் வைத்துச் சொன்னாள். டெஸ்ஸா, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். விண்ணப்பமும் மதிப்பெண்ணும் டிசம்பர் முதல் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தேர்வை மறுபடி எழுதலாம், ஆனால் டிசம்பர் தேர்வு அந்தத் தேதிக்குப் பிறகு. இருந்தது அக்டோபர் தேர்வு ஒன்றுதான். தாமதக் கட்டணம் கட்டிப் பதிவு செய்தார்கள்.

புதன்கிழமை காலை லாயிட்டின் அக்கா ஜோலீன் ஒரு தட்டு நிறைய சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கோடு வந்தாள். கூடவே பாஸ்டரும் வந்தார், எந்தப் பாடல்கள் என்று முடிவு செய்ய. ஜெனீவா கையைத் துடைத்துக்கொண்டு, அடக்கத்தை இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

ஜோலீன் தட்டின் மேல் போட்டிருந்த காகிதத்தைப் பிரிப்பதை நிறுத்தினாள். "ரெண்டு மணிக்கா? ஞாயித்துக்கிழமை மழைன்னு சொல்லியிருக்கான் ஜெனீவா. சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் எல்லாருக்கும் வயல் காயற நேரம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

டெஸ்ஸாவுக்கு அன்று தேர்வு இருக்கிறது என்றாள் ஜெனீவா. ஜோலீனுக்குப் புரியவில்லை. அவள்தான் வாங்கிவிட்டாளே, லாயிட் ஊருக்கே ரேடியோவில் சொன்னானே, இன்னும் எதற்குத் தேர்வு என்று கேட்டாள். அப்போது ஜெனீவா சொல்லத்தான் வேண்டியிருந்தது. கட்டம் மாறியதையும், ஒரு மதிப்பெண் குறைவதையும், அது தெரியாமலே லாயிட் போனதையும் மேசை விரிப்பைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஜோலீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"அப்ப அவன் சொன்னது பொய்யா?"

"அவருக்கு அது பொய்னு தெரியாது."

"என் தம்பி மண்ணுக்குப் போறதுக்கு ஒரு பரீட்சை முடியணும். நல்லாத்தான் இருக்கு."

மாடிப்படியில் டெஸ்ஸா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் தேர்வு எழுதப் போவதில்லை, பாதிக் கட்டணம் போதும், மீதிக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன், அத்தையைக் கத்த வைக்காதே என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதுதான் ஜெனீவாவுக்குத் தாங்கவில்லை.

"நீ எழுதற," என்றாள். "அப்பா வாங்காத கடனெல்லாம் அவர வாங்க வைக்காத."

சொன்ன வாக்கியம் அவளுக்கே சரியாகப் படவில்லை. ஆனால் யாரும் திருத்தவில்லை.

பாஸ்டர் மெதுவாக, தனக்கு இரண்டு மணி சரிதான், ஆனால் ஊர் வருமா என்பதை வெர்லினிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். வெர்லின் கிடங்கின் மேலாளர். லாயிட்டைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் இருபது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே காப்பிப் பாத்திரத்தில் குடித்தவர்கள். ஜெனீவா போன் செய்தாள். காரணத்தை அவரிடமும் சொன்னாள். பின்னால் தானியம் கொட்டுகிற இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வெர்லின்? இருக்கீங்களா?"

"இருக்கேன். சனிக்கிழமை பன்னண்டுக்கு மேல கிடங்கு மூடியிருக்கும்னு பலகையில எழுதிடறேன். கிடங்கு மூடிட்டா அறுத்தத எங்க கொண்டு கொட்டுவானுங்க? சர்ச்சுக்குத்தான் வரணும்."

"எல்லாரும் கோவப்படுவாங்க."

"படட்டும். லாயிட்கூட ஈரப்பதத்துக்குச் சண்டை போடாதவன் எவன் இருக்கான்? கடைசியா ஒரு தடவ போடட்டும்."

ஜோலீன் சமாதானமாகவில்லை. ஆனால் அன்று மாலையே தேவாலயப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, சாண்ட்விச்சைக் காலையில் செய்யாதீர்கள், ரொட்டி நமுத்துவிடும், நேரம் மாறியிருக்கிறது என்று திட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் மாறியது என்று கேட்டவர்களிடம், "ஏன், செத்தவனுக்கு அவசரமா?" என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது பனிமூட்டம் ஜன்னலை ஒட்டிக்கொண்டு நின்றது. டெஸ்ஸா அடக்கத்துக்கான கறுப்புக் கவுனைப் போட்டு, அதன்மேல் பள்ளிக்கூட ஸ்வெட்டரை மாட்டியிருந்தாள். கவுனின் விளிம்பு ஸ்வெட்டருக்குக் கீழே தெரிந்தது. வழியெல்லாம் ஜெனீவா முன் கண்ணாடியை ஒட்டிக் குனிந்து ஓட்டினாள். கால்குலேட்டருக்கு மாற்று பேட்டரி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

எட்டு மணிக்குத் தேர்வுக் கூடத்தின் கதவை மூடவில்லை. வடக்கேயிருந்து வரவேண்டிய ஒரு பேருந்து மூட்டத்தில் மாட்டிக்கொண்டதாம். அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பையனின் தகப்பன் வந்து சொன்னார். ஜெனீவா காருக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் முடிய ஒன்றரை. நாற்பது மைல். கணக்கு எப்படிப் போட்டாலும் இரண்டுக்குள் வரவில்லை. ஜோலீனுக்குப் போன் செய்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல ஜோலீன்."

மறுமுனையில் பாத்திரங்கள் இடிபடுகிற சத்தம். பிறகு ஜோலீன், "நீ அங்க உக்காந்து அழுதா சீக்கிரம் ஆரம்பிப்பானா? போன வை," என்றாள்.

மூட்டம் பத்து மணிக்கு மேல் கலைந்தது. வெயில் வந்தது. நல்ல வெயில். ஜெனீவா அந்த வெயிலை ஒரு குற்றத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சாலைக்கு அப்பால் யாரோ ஒருவருடைய வயலில் சோளத்தட்டை பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. டார்வெலிலும் இப்படித்தான் காயும். ஒவ்வொருத்தனும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வானத்தை அண்ணாந்து பார்ப்பான். இவ்வளவும் செய்து, மறுபடி இருபத்தொன்பதே வந்தால்? காரை விட்டு இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். லாயிட் இருந்தால் இந்நேரம் ஏதாவது வேடிக்கை சொல்லியிருப்பான். அதை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்து, பள்ளிக்கூடச் சுவரில் இருந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்ஸா ஓடி வந்தபோது ஒன்றரை ஆகப்போயிற்று. ஸ்வெட்டரை ஓடும்போதே கழற்றிக்கொண்டு வந்தாள். கார் கிளம்பிப் பாதி வழியில் மகளே சொன்னாள், கணிதத்தில் கடைசி ஐந்து கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததாக. ஜெனீவா வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

ஊருக்குப் பத்து மைல் இருக்கும்போது ஓர் அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் ஆரன் அடிக்கவில்லை. அந்த ஊர்களில் அறுவடைக் காலத்தில் யாரும் அடிப்பதில்லை. ஓட்டுகிறவன் கண்ணாடியில் பின்னால் கறுப்பு உடையில் இரண்டு பெண்களைப் பார்த்திருக்க வேண்டும்; ஒரு வயல் வாசல் வந்ததும் ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றினான்.

தேவாலயத்தைச் சுற்றி இரண்டு தெருவுக்கு லாரிகள் நின்றன. மணியடித்து நேரமாகியிருந்தது. ஆண்கள் படிக்கட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜோலீன் வாசலில் நின்றாள். டெஸ்ஸாவின் கழுத்துப்பட்டையை இழுத்துச் சரி செய்தாள்.

"காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்டியா?"

டெஸ்ஸா தலையாட்டினாள், இல்லை என்று. ஜோலீன் கைப்பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச் ஒன்றை எடுத்தாள். "தின்னு. இவ்வளவு நேரம் நின்னவங்க இன்னும் ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. நீ மயங்கி விழுந்தேன்னா உங்கப்பன் எந்திரிச்சு வந்துருவான்."

டெஸ்ஸா அங்கேயே நின்று தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். அதுவரை அவள் அழவில்லை என்பது அப்போதுதான் ஜெனீவாவுக்கு உறைத்தது.

அடக்கம் முடிந்து அடித்தளத்தில் காப்பி குடிக்கும்போது ஒவ்வொருவராக வந்து டெஸ்ஸாவின் கையைப் பிடித்தார்கள். உங்கப்பா ரேடியோவில் சொன்ன அன்றைக்கு நான் சோயா அறுத்துக்கொண்டிருந்தேன் என்றார் ஒருவர். இனாமாகப் படிக்கப் போகிறாய், கொடுத்து வைத்தவள் என்றாள் இன்னொருத்தி. டெஸ்ஸாவின் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. ஜெனீவா வாயைத் திறப்பதற்குள் ஜோலீன் பக்கத்தில் வந்து நின்று, "ஆமா, கெட்டிக்காரி. எங்க குடும்பத்துல மூளை பொண்ணுங்களுக்குத்தான்," என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. சொன்னபடியே வந்தது. செவ்வாய் வரைக்கும் விடவில்லை. வயல் சேறாகி அந்த வாரம் முழுவதும் இயந்திரங்கள் கொட்டகையில் நின்றன. மளிகைக் கடையில் ஜெனீவாவைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, வானிலை என்ற பேச்சே வராமல் வேறு எதையோ பேசினார்கள். அவள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவர் அலுவலகத்தின் வரவேற்பு மேசைக்குத் திரும்பப் போக ஆரம்பித்தாள். தெற்கின் பக்கத்தைத் தினமும் திறந்து, கட்டம் மறுபடி மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். இப்போது வருஷத்தை முதலில் பார்த்தாள்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை, மேசைக்கு முன்னால் ஹோய்ட் என்ற விவசாயி வீங்கின கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தபோது, டெஸ்ஸா பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, வந்துடுச்சு. பக்கம் மெதுவாத் திறக்குது. ஆங்கிலம் முப்பத்தொண்ணு."

ஜெனீவா கையில் அகப்பட்ட முன்பதிவு அட்டையின் பின்புறம் எழுதினாள்.

"கணக்கு இருபத்தெட்டு."

அந்தக் கடைசி ஐந்து கேள்வி. பேனா அட்டையில் அழுந்தியது.

"வாசிப்பு முப்பது. அறிவியல் இருபத்தொன்பது. மொத்தம் இன்னும் வரல, சுத்திக்கிட்டே இருக்கு."

நான்கு பாடத்தின் சராசரிதான் மொத்த மதிப்பெண். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தாள். இருபத்தொன்பதரை. திரும்பக் கூட்டினாள். அதே இருபத்தொன்பதரை. அந்தத் தேர்வில் அரை மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. அரையை மேலே ஏற்றுவார்களா, கீழே இறக்குவார்களா என்று ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நினைத்தாள். ஹோய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினார். அவள் விரலை உயர்த்திக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். போனில் பள்ளிக்கூட நடைபாதையின் சந்தடி மட்டும் கேட்டது.

"டெஸ்ஸா?"

"முப்பது," என்றாள் டெஸ்ஸா. மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "முப்பதுன்னு போட்டிருக்கும்மா. அரை வந்தா மேல ஏத்திடுவாங்களாம்."

ஜெனீவா கணினியைத் தன் பக்கம் திருப்பித் தெற்கின் கட்டத்தைத் திறந்தாள். வருஷம் சரிதான். முப்பது சரிதான். 'வழங்கப்படும்' என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு ஆண்டும் சராசரி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. அதைப் படித்ததும் பழைய பயம் கொஞ்சம் திரும்பி வந்தது. வரட்டும். அது அடுத்த வருஷத்துக்கு. போனை வைத்தாள்.

"பொண்ணா?" என்றார் ஹோய்ட், கன்னத்தை விடாமல்.

"ம். கல்லூரி விஷயம்."

"அவதான் அப்பவே வாங்கிட்டாளே. லாயிட் ரேடியோல சொன்னானே."

ஜெனீவா அட்டையைத் திருப்பி, அவர் பெயரை எழுதினாள்.

"ஆமா," என்றாள். "அப்பவே வாங்கிட்டா."